கருவிக்கும் வெள்ளெழுத்து

அண்ணாச்சி,

இன்று எப்போதும்வென்றானில் பஸ் நின்றபோது, சாலையோரம் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்திலிருந்து அந்த வாடை வந்தது. நனைந்து பூசணம் பிடித்த கதிரின் வாடை. ஜன்னலை மூடினேன். மூடி என்ன பயன், அதற்குள் நெஞ்சில் ஏறிவிட்டது.

புதூர்ப் பக்கம் உங்கள் களத்தில்தான் காற்றை ஆராய வந்த எங்கள் கருவிக்கு இடம் கொடுத்தீர்கள். செருப்போடு களத்தில் ஏறக்கூடாது என்றதால், வெறுங்காலோடு கேபிள் இழுத்தோம். பொழுது சாய்ந்ததும் கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளியை வயல்காட்டின்மேல் வீசும். காற்றில் மிதக்கும் மகரந்தமும் பூசண வித்தும் அந்த ஒளி பட்டால் லேசாக மினுங்கும். அந்த மினுக்கம் திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து, எவ்வளவு தூரத்தில் என்று திரை சொல்லும். ஒரு மைல் தள்ளிக் கம்பு பூத்திருப்பதைக் காட்டினேன். உங்களுக்கு ஒரே சிரிப்பு.

"அங்கன உள்ளது தெரியுது. இங்கன உள்ளது தெரியலையே தங்கச்சி?"

"முதல் முந்நூறு அடி இதுக்குச் சரியாத் தெரியாது அண்ணாச்சி."

"அப்ப இதுக்கும் வெள்ளெழுத்துன்னு சொல்லு!"

அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை. கதிரெல்லாம் கறுத்துவிட்டது. தூர எறிய உங்களுக்கு மனம் வரவில்லை. கருவிக்குப் பக்கத்திலேயே மிஷினில் போட்டு அடித்தீர்கள், மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். திரையின் தொடக்கத்தில் கோடு விறுவிறுவென்று மேலேறியது. கிட்டத்து அளவை நம்பாமல் விடுவது எங்கள் பழக்கம். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, காற்று சுத்தம் என்று எழுதினேன். பின்னால் நீங்கள் இருமிக்கொண்டிருந்தீர்கள். டாக்டரைப் பாருங்கள் என்றதற்கு, "சோளத் தூசி எனக்குப் புதுசாம்மா? பாத்துக்கிடலாம்" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

வருஷா வருஷம் அடித்த பூசணத் தூசியில் நுரையீரல் இறுகிவிட்டது என்று கோவில்பட்டி டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறியிருந்தது. அடுத்த அறுப்புக்கு நீங்கள் இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அண்ணாச்சி. அதைத் தேடுவதுதானே என் வேலை.

அலுத்துவிட்டது. விட்டுவிடலாம் என்று நினைக்காத மாதமில்லை. ஆனாலும் எந்த ஊரில் கருவியை இறக்கினாலும், முதலில் அந்த முந்நூறு அடியை நடந்து பார்க்கிறேன். பையில் முகக்கவசங்கள் வைத்திருக்கிறேன். போன வாரம் பசுவந்தனையில் உளுந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவர் வாங்க மறுத்தார்.

"தூசி எனக்குப் புதுசா?" என்றார்.

அவர் அதைக் கட்டும்வரை நான் கருவியைத் திறக்கவில்லை.