வலது கையும் வலது காலும்

அன்புள்ள தம்பிக்கு,

'சீருடையைக் கண்டாலே முகம் சுளிக்கிற நீயா மகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதித்தாய்?' என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன் அத்தான் பேனாவை நீட்டினார். மகள் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் அழுதுகொண்டு திரும்பிவிடுவாள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அது பொய்த்துவிட்டது. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நீ கப்பலோடு நடுக்கடலில் இருக்கும்போது பாதி வார்த்தை தண்ணீருக்குள் போய்விடுகிறது.

நாங்கள் நலம். மகள் முகாமுக்குப் போனதிலிருந்து உன் அத்தான் காலியான குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

இன்று பெற்றோர் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அவருக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். விமானப் பயிற்சியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதுதான் முதல் முகாம். ராணுவத்தில் போலவே எல்லாம் விசிலுக்குத்தான். பழைய விமானக் கொட்டகை ஒன்றில் வரிசையாகக் கட்டில் போட்டிருக்கிறார்கள். கட்டிலுக்குக் கட்டில் போர்வையைப் பெட்டி மாதிரி மடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளுகிறவளா மடித்தாள் என்று ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். "தொடாதம்மா, கலைஞ்சா மறுபடி மடிக்கணும்" என்று பதறினாள். முகம் கறுத்திருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது, குதிகாலில் கொப்புளம். ஆனால் வாய் ஓயாமல் சிரிக்கிறாள்.

ஒரே ஒரு கவலைதான். நாளை நிறைவு அணிவகுப்பு. இவளுக்கோ வலது கால் முன்னால் போகும்போது வலது கையும் கூடவே போகிறது. கடைக்கு நடந்து போகச் சொன்னால் ஒழுங்காகப் போகிறவள்தான். 'நட' என்று கட்டளை வந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறதாம். "உன் கையும் காலும் ஒட்டிப் பிறந்ததா? பிரிச்சு அனுப்பும்மா!" என்று அணிநடை பழக்குகிற சார்ஜென்ட் மைதானம் அதிரக் கத்துவாராம். சரியாகாவிட்டால் நாளை வரிசையில் இடமில்லை. முதலுதவிப் பெட்டியோடு ஓரமாக உட்கார வேண்டியதுதான். இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பறக்கிறதை அப்புறம்கூடப் பறந்துக்கலாம்மா. இவங்களோட சேர்ந்து நடக்கணும்" என்றாள். சுற்றி நின்ற தோழிகளில் ஒருத்தி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பச்சைக் குழந்தை தானாகக் கற்றுக்கொள்கிற நடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தோழிகளில் ஒரு வாயாடி விடவில்லை. "அப்போ நீங்க நடந்து காட்டுங்க ஆன்ட்டி, நாங்களும் பார்க்கிறோம்" என்றாள். மகள் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். சார்ஜென்டும் சும்மா இருந்திருக்கலாம், முகத்தில் சிரிப்பே இல்லாமல் விறைப்பாக நின்று, "நட!" என்றார்.

என் வலது கையும் வலது காலும் ஒன்றாகக் கிளம்பின.

மைதானமே சிரித்தது. "சரிதான், பரம்பரைச் சொத்தா இது!" என்றார் சார்ஜென்ட். மகள் கைப்பையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை, தம்பி. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே நடக்கவிட்டார்கள். தோழிகள் இரண்டு பக்கமும் ஓடி வந்து, "ஆன்ட்டி, கை! எதிர்க் கை!" என்று கத்த, பேருந்துக்கு நேரமாகும்வரை நடந்தோம். எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை. "காலையில பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சார்ஜென்ட் முடித்துவிட்டார்.

வேண்டிக்கொள்வதெல்லாம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். உனக்கு வரும். இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் அவளுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு.

உன் அக்கா

மறுநாள் மாலை:

உறையை இன்னும் ஒட்டவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அவளை வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். மேடையைத் தாண்டும்வரை கை சரியாகவே போனது. திரும்புகிற இடத்தில் சில அடிகள் பிசகியது. பக்கத்தில் இருந்த வாயாடி உதடு அசையாமல் என்னவோ சொன்னாள், சரியாகிவிட்டது. உன் அத்தான் விசில் அடித்தார், நான் அதட்டவில்லை. பிறகு பிள்ளைகளைச் சின்ன விமானத்தில் ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்றுக் காட்டினார்கள். இறங்கியதும் நம் பெண் கையை விரித்துக்கொண்டு எங்கள் பக்கமாக ஓடி வந்தாள். நானும் கையை நீட்டினேன். எங்களைத் தாண்டி ஓடி, பின்னால் நின்ற தோழிகளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஞாபகம் வர நேரமாயிற்று. அதுவரை, ஓடும்போது விழுந்த அவளுடைய தொப்பியைத் தட்டித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.