சத்தம் போடாத பிள்ளை

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மனைவி மும்தாஜ் திட்டிக்கொண்டே மறுபடி அலசினாள். கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

மகள் நஸ்ரினுக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை, எத்தனை பாட்டில் சிரப்தான் குடிக்கும். நிலக்கரி மைன்ஸில் என்னோடு கன்வேயர் பெல்ட்டில் நிற்கிற எல்லாருக்கும் இதே கரகரப்புதான். தூசி என்றே விட்டிருந்தேன். கீழ் வீட்டு அக்கா, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், இன்று மும்தாஜை நிறுத்திச் சொன்னாராம்: "பாப்பா மாடி ஏறங்காட்டியும் மூச்ச இழுத்துக்கினு நிக்குது, என்னான்னு பாருங்க."

பார்க்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

பாண்டிச்சேரி. காது மூக்கு தொண்டை டாக்டர், பெண். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு டிவியில் காட்டினார். குரல் வருகிற இடத்தில் சதை, சுண்டைக்காய் போல.

"எப்பலேருந்து குரல் இப்படி இருக்கு?"

நானும் மும்தாஜும் ஒருவரையொருவர் பார்த்தோம். தெரியவில்லை. ஷிப்ட் வீடு. பகலில் நான் தூங்குவேன். "அத்தா தூங்குறாங்க, மெதுவா பேசு." இதைக் கேட்டுத்தான் அவள் பேசவே பழகினாள். எங்கள் பிளாக்கில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். சத்தமே போடாது என்று வருகிறவர்களிடம் பெருமை வேறு. குசுகுசுவென்று பேசுகிற பிள்ளைக்குக் குரல் போனது எப்படித் தெரியும்.

இதை டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 16, புதன்

மயக்கம் கொடுத்துச் சதையில் துளி பரிசோதனைக்கு எடுத்தார்கள். மூச்சுப் பாதை ரொம்பக் குறுகிவிட்டதாம். கழுத்தில் துளை, அதில் குழாய். மூச்சு இனி அதன் வழியே. பேச்சு இப்போதைக்கு இல்லை.

குழாயில் சளி உறிஞ்ச நர்ஸ் கற்றுக்கொடுத்தார். மும்தாஜ் உடனே பிடித்துக்கொண்டாள். கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன், இரண்டு பிளேட். எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. வடை ஆறிப்போயிருந்தது.

ஜூலை 24, வியாழன்

ரிசல்ட். கேன்சர்.

"பெரியவங்களுக்கு வர்ற தொண்டைக் கேன்சர் வேற. இது தசைல வர்றது. குழந்தைங்களுக்கு இந்த இடத்துல வர்றது ரொம்ப அபூர்வம்."

சாம்பலாலா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. நீங்க செஞ்சதால வந்தது இல்ல."

முதலில் மருந்து ஏற்றுவது. பிறகு கதிர்வீச்சு. கட்டி கரைந்தால் குரல்வளை தப்பும். கரையாவிட்டால் அதையே எடுக்க வேண்டிவரலாம். எடுத்துவிட்டால் அவள் குரல் என்று ஒன்று இருக்காது.

மும்தாஜ் வார்டு வராந்தாவில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. துணிமணி எடுத்துவர நான் மட்டும் திரும்பினேன். வடலூரில் பஸ் நின்றது. இறங்கி டீ குடித்தேன். சர்க்கரை அதிகம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது முறை மருந்து ஏறியிருக்கிறது. முடி மொத்தமும் போயிற்று. வாய்ப்புண். மோர் மட்டும் இறங்குகிறது.

வாங்க: கழுத்துத் துளையைச் சுற்றி வைக்கக் காஸ் துணி, குழாய் கட்டும் நாடா, மாதுளை, நஸ்ரினுக்குப் பருத்தித் தொப்பி.

லீவு தீர்ந்தது. நைட் போய்விட்டு வந்து படுத்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தூக்கம் வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்துபோய் டிவியைச் சத்தமாக வைத்தேன். மும்தாஜ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

பாண்டிச்சேரியில் மழை. குடை பஸ்ஸிலேயே போயிற்று. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. குரல்வளையை எடுக்க வேண்டாம், இப்போதைக்கு. அடுத்து கதிர்வீச்சு. கேட்டுக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் உள்ளே நகரவில்லை.

டாக்டர் நஸ்ரினிடம், "கழுத்துக் குழாய விரலால மூடிட்டுப் பேசிப் பாரும்மா" என்றார்.

"அம்மான்னு சொல்லுடி தங்கம்" என்றாள் மும்தாஜ்.

நஸ்ரின் விரலை வைத்தாள். என்னைப் பார்த்தாள். கட்டைக் குரல், அறை முழுக்கக் கேட்டது.

"அத்தா, எனக்குக் கேன்சர்தானே?"

சதை வளர்ந்திருக்கிறது என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். விரலை எடுத்துவிட்டாள்.