நான் என்றால் நோயாளி

ஜூன் 10, செவ்வாய்

பெருநாள் இறைச்சி இன்னும் முடிந்தபாடில்லை. "கடலுக்குப் பக்கத்தில இருந்துக்கிட்டு மீன் திங்கக் கொடுத்துவெக்கல்ல" என்கிறார் என் புருசன் நிஸார். மனுசன் பிடித்த மீனை எல்லாம் லொட்ஜ்காரருக்கு விற்றுவிட்டு வந்து என்னிடம் இந்தக் கதை.

இன்று எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிறகு சலக்கடுப்பு. அதன் பிறகு நெஞ்சு வருத்தம். தொழில் அப்படி. கண்டக்குழியில் என் அறைக்குள் இருந்தபடி ஒரு வெளிநாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கிறேன். இடையில் ஒரு ஏஜென்சி, ஒப்பந்தம் அதனோடுதான். நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால் நானும் இங்கிலீசில் "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும், "அவருக்கு" என்று சொல்லக் கூடாது. நான் என்றால் நோயாளி. வாயிலிருந்து விழும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், முணுமுணுப்பையும். தெரிந்த ஆள் என்றால் உடனே அறிவித்துவிட்டு விலக வேண்டும். கேட்டதை வெளியே விடக் கூடாது. எந்த நாடு என்று இதில்கூட எழுத மாட்டேன். அவ்வளவுக்குச் சட்டம் பார்க்கிறவள் நான்.

காற்றுக் காலம். கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. சத்தம் போனுக்குள் போகாமல் யன்னலுக்குப் பழைய மெத்தையை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நஸ்லியா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். புருசன் இன்சாப் போன வருடம் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் வேலை என்று போனவன். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு போன் கோல் இல்லை. அங்கே ஒருத்தியோடு இருக்கிறானாம். ஊருக்கென்ன, வாய்தானே.

ஜூன் 12, வியாழன்

நஸ்லியாவின் அண்ணன் நூஹு காக்கா வந்து வேலிக்கு அப்பால் சத்தம். "நீ இன்னும் எத்தின நாளைக்கு அவனப் பாத்துக்கிட்டு இரிக்கப் போறா?" அவள் பக்கமிருந்து தட்டுக் கழுவுகிற சத்தம்.

ஜூன் 16, திங்கள்

இதை எழுதுவதே குற்றம். எழுதாவிட்டால் வாய் உளறிவிடும்.

பின்னேரம் ஒரு கோல். டொக்டர் ஒரு பெண். நோயாளிக்கு, கப்பலில் வலை இழுக்கும் யந்திரத்தில் மாட்டி வலது கை நசுங்கியிருக்கிறது. பெப்ரவரியில் நடந்தது. வெட்டித் தைத்தும் சரிவராமல் எலும்புக்குள் சீழ். மணிக்கட்டோடு எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் ஓர் இருமல். பிறகு, "எடுத்தா வலெ இழுக்க ஏலாதே" என்றது ஒரு குரல்.

இன்சாப். என் கோழிகளை வேலிக்கு மேலால் வருடக்கணக்காகத் திட்டிய அதே குரல்.

யாருக்கு அறிவிக்க வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டொக்டர் கேட்டார்.

"எனக்கு ஒருத்தரும் இல்ல."

நான் அதை இங்கிலீசில் சொன்னேன். எனக்கு ஒருவரும் இல்லை. சொல்லும்போதே நஸ்லியா தட்டுக் கழுவுகிற சத்தம் மெத்தையைத் தாண்டிக் கேட்கிறது. அல்லாஹ்வே, எப்பிடிச் சொன்னேன்?

அந்த இடத்திலேயே விலகியிருக்க வேண்டும். ஏன் விலகவில்லை? வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவன் யோசிக்க நாள் கேட்டான். வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். அன்றைக்கும் நீங்களே வாருங்கள் என்று டொக்டர் என் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். அங்கே எனக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான்.

வைக்கும்போது, "தேங்ஸ் ராத்தா" என்றான். எல்லாப் பெண்களையும் அக்கா முறை வைத்து ராத்தா என்கிறவன்தான். ஆனாலும் — கண்டுகொண்டானா?

ஜூன் 17, செவ்வாய்

நஸ்லியா இடியப்பமும் சம்பலும் கொடுத்துவிட்டாள். அப்படியே நிஸாருக்கு எடுத்துவைத்தேன்.

ஜூன் 18, புதன்

நூஹு காக்கா வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நஸ்லியாவுக்காக, எங்கள் கலியாண வழக்குகளைப் பார்க்கிற காதியாரிடம் பஸஹ் கேட்டிருக்கிறார்களாம். புருசன் கைவிட்டுப் போனால் பெண் பக்கம் கேட்கிற விவாகரத்து. ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

"சாட்சிக்கு நீங்களும் நிஸாரும் வந்தாப் போதும். பக்கத்து ஊடு எண்டா காதியார் நம்புவாரு. அவன்ட செய்தி ஒண்டும் இல்லெண்டு சொன்னாச் சரி."

"ஓம் ஓம், வாறம்" என்றார் நிஸார்.

நூஹு போனதும் நிஸார்மேல் பாய்ந்தேன். "என்னட்டக் கேக்காம எப்பிடி ஓம் எண்டு சொல்லுவீங்க?"

"உண்மையத்தானே சொல்லப் போறம். ஒனக்கு என்னா நடந்த?"

என்ன நடந்ததென்று எப்படிச் சொல்வது? காதியார் முன்னால் சத்தியம் பண்ணி, செய்தி இல்லை என்றால் பொய். செய்தி உண்டு என்றால், ஒரு நோயாளியின் வாயிலிருந்து வந்ததை ஊருக்கு விற்றவள். காய்ச்சல் வருத்தம் என்று படுத்துக்கொள்ளலாம். என்னை விட்டால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு கை போகப்போகிறவனை ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள்.

பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்றும் பயம், போகாமல் இருந்துவிடும் என்றும் பயம்.

ஜூன் 20, வெள்ளி

கோல் வந்ததும் விலகுவது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். டொக்டர் நேரே விசயத்துக்கு வந்துவிட்டார். கையை எடுக்கச் சம்மதமா?

"ஓம். எடுங்க."

அதன் பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யட்டுமா? இன்சாப் தனக்குத்தானே முணுமுணுத்தான். "ஒத்தக் கையோட போய் அவட கழுத்தில தொங்குறதா? அவ நல்லா இரிக்கட்டும்."

முணுமுணுப்பையும் சொல்ல வேண்டும். சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"அவள் யார்?" என்றார் டொக்டர்.

"அத ஏன் சொன்னீங்க?" என்று இன்சாப் கத்தினான். அதையும் மொழிபெயர்த்தேன்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இந்த நோயாளியைத் தெரியும், விலகுகிறேன் என்று இங்கிலீசில் சொன்னேன். தமிழிலும் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"இன்சாப், நான் ஸும்றா ராத்தா. ஞாயித்துக்கெழம நஸ்லியாவக் காதியார்ட்டக் கூட்டிட்டுப் போறாங்க. நீ உட்டுட்டுப் போயிட்டாயெண்டு சாட்சி சொல்ல என்னெக் கூப்பிட்டிரிக்காங்க. நான் அவகிட்ட ஒண்டும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டன். நீ சொல்லு."

"என்ன சொன்னீர்கள்?" என்று டொக்டர் கேட்டார். இந்த வேலையில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட முதல் கதை அது. லைனை வெட்டிவிட்டேன்.

ஜூன் 21, சனி

ஏஜென்சியின் மின்னஞ்சல். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. என்ன விசாரணை? செய்தது செய்ததுதான்.

கோழிக்குத் தீன் போடுகிற சாட்டில் நாள் முழுக்க வேலியோரம் நின்றேன். கோழிகளுக்கே வெறுத்துவிட்டது. நஸ்லியாவின் போன் ஒரு தடவை அடித்தது. கடைக்காரர், நாளைக்கும் இடியப்பம் வேண்டுமாம்.

போன எடுடா இன்சாப். இடது கையால எடு.

ஜூன் 22, ஞாயிறு

நூஹு காக்கா ஓட்டோவோடு வந்துவிட்டார். நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன், காதியார் என்ன கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்று. நிஸார் ஓட்டோவுக்குள் ஏறிக்கூட உட்கார்ந்துவிட்டார். நஸ்லியாவைத்தான் காணவில்லை. நூஹு இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்தாள், கையெல்லாம் மாவு.

"நான் வரல்ல காக்கா."

"என்னா கதெ இது? காதியார் பாத்துக்கிட்டு இரிப்பாரு."

"சுபஹுத் தொழுகைக்குப் பொறகு அவரு கோல் எடுத்தாரு. ஆஸ்பத்திரில இரிக்காராம். கையில சின்னக் காயமாம்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நூஹு ஓட்டோக்காரன்மேல் எரிந்து விழுந்தார். நிஸார் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஒப்பந்தம் ரத்து. அறைக்குள் இருந்து அழுதேன். எனக்குப் பிடித்த வேலை அது. யன்னலிலிருந்து மெத்தையை எடுத்தேன்.

பின்னேரம் நஸ்லியா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "ராத்தா, ஆஸ்பத்திரியில இருந்து. இங்கிலீசு. கதெச்சுத் தாங்க."

அதே டொக்டர். நேற்று ஒப்பரேசன் முடிந்தது, காய்ச்சல் இல்லை, இப்போது நித்திரை, மனைவியிடம் சொல்லுங்கள் என்றார். நஸ்லியாவிடம் சொன்னேன். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்பதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்தாள்.

"இடியப்பம் புழிய எனக்கு ரெண்டு கை இரிக்கி. வரச் சொல்லுங்க."

இடியப்பத்துக்கு இங்கிலீசு தெரியாமல் இடியப்பம் என்றே சொன்னேன். "இடியப்பம் பிழிய எனக்கு இரண்டு கை இருக்கிறது. அவரை வரச் சொல்லுங்கள்."

டொக்டர் மெல்லக் கேட்டார், "நீங்கள் அந்த மொழிபெயர்ப்பாளர்தானே?"

"இல்லை டொக்டர்" என்றேன். "பக்கத்து வீடு."