உவர் என்டு சொன்ன கிணறு

சுலைஹா,

இப்பத்த ஆக்கள் வீடு வாங்கப் போனா கேட்டுக்கு அடிச்ச பெயின்டப் பாக்குதுகளே தவிர, கிணத்துல ஒரு வாளி அள்ளிப் பாக்கிறதில்ல. நானும் அள்ளிப் பாக்கல்ல. மாவடிப்பள்ளிப் பக்கம் வயல நிரப்பிக் கட்டின அந்தப் புது வீட்டுத் தண்ணி உவர் என்டு ஒனக்குச் சொன்னது பொய். இந்தத் தெருவ விட்டுப் போக எனக்கு மனமில்ல, அதுதான்.

நம்மட வீட்ட மகள் றுஸ்தாட கலியாணத்துக்குச் சீதனமா எழுதிக் குடுத்த நாளையில இருந்து நீ பின்னறையிலதான். நேத்து மருமகன் குசினியை விட்டுப் போகுமட்டும் நீ அரிசிச் சட்டியோட வெளிய நிண்டதைக் கண்டன். மனசு கேக்கல்ல.

இன்டைக்கு சுபஹு தொழுதிட்டுப் போய் அந்தக் கிணத்துல அள்ளிக் குடிச்சன். நல்ல தண்ணி. மேசையில போத்தல்ல இருக்கு, நீயும் குடிச்சுப் பாரு.

வீட்டுப் புரோக்கர் பின்னேரம் அசறுக்குப் பொறகு வருவான். நீயே ஓம் என்டு சொல்லு. என்ட வாயால வராது.

மீன மூடி வெச்சிருக்கன். பூனை கவனம்.

மாரி மழைக்கு அந்த வீடு தாங்குமா என்டு எனக்கு இன்னும் நம்பிக்கையில்ல. அதுக்காக நீ சொல்லாம உட்டுராத. நான் கடக்கரைக்குப் போறன்.