மூலைக்கு மூலை

டோக்கியோ,
24 செப்டம்பர் 1983

அன்புள்ள சவாக்கோ,

நலமா? இங்கே அம்மாவும் நம் கொஹாருவும் சுகம். போன் செய்தால் உன் அண்ணன்தான் எடுக்கிறார், நீ வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். அம்மா ஏதோ கோபத்தில் சொன்னதற்கு யாராவது பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் உட்காருவார்களா?

அக்டோபர் பத்தாம் தேதி கொஹாருவின் பள்ளியில் விளையாட்டு விழா. மதியச் சாப்பாட்டுக்கு இனாரிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அம்மாவுக்குக் கைவலி. நேற்று நானே செய்து பார்த்தேன். பொரித்த டோஃபு கிழிந்து, உள்ளே அடைத்த சோறெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு வேறு. "அப்பா, இது இனாரி இல்ல. சோறு சட்டையைக் கிழிச்சுக்கிட்டு நிக்குது" என்கிறாள் உன் மகள்.

விழாவுக்குள் வந்துவிடு. முடியாதென்றால் செய்முறையாவது எழுது.

கென்சாகு


ஓசாகா,
29 செப்டம்பர்

கொஹாரு அப்பாவுக்கு,

அடுப்பங்கரைப் பக்கமே வராதவர் டோஃபுவைத் தொட்டதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரித்து மாளவில்லை.

பள்ளி கெடக் கூடாதென்றுதான் கொஹாருவை விட்டு வந்தேன். "ஓசாகாக்காரி கைக்கு எங்க வீட்டு ருசி எந்தக் காலத்துல வரப்போகுது" என்று அத்தை சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைத் திருப்பினீர்களே, அதுதான் ஆறவில்லை.

கடையில் பொரித்து விற்கும் சதுரமான மெல்லிய டோஃபுவாக வாங்குங்கள். பலகையில் வைத்து, சாப்பிடும் குச்சியை மேலே அழுத்தி உருட்டினால் உள்ளே ஒட்டியிருப்பது விட்டுவிடும். பிறகு மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணப் பைகள், நரிக் காது மாதிரி. கொதிநீரை ஊற்றி எண்ணெயைப் போக்கி, ஆறியதும் உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிழியுங்கள். முறுக்கினால் கிழியும். மீன் சாறு, சோயா சாறு, சர்க்கரை சேர்த்துச் சிறு தீயில் சுண்டவிட்டு, அப்படியே ஆற விடுங்கள். அவசரப்பட்டால் ருசி ஏறாது.

எழுதியதில் ஒன்றையும் மாற்றாமல் செய்து, எப்படி வந்தது என்று எழுதுங்கள். நான் திரும்பி வருவதைப் பற்றி அதற்குப் பிறகு சொல்கிறேன்.

சவாக்கோ


டோக்கியோ,
11 அக்டோபர்

அன்புள்ள சவாக்கோ,

ஜெயித்துவிட்டேன்! ஒன்றுகூடக் கிழியவில்லை. கொஹாரு ஓட்டத்தில் கடைசி, சாப்பாட்டில் முதல்.

உன் கடிதத்தை அம்மா வாங்கிப் பார்த்தாள். "முக்கோணமா? நம்ம வீட்ல எப்பவும் நெல்மூட்டை மாதிரிதானே இருக்கும். எழுதறப்ப புத்தி எங்கயோ போயிருக்கு, பாவம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பன்னிரண்டு வருஷமாக நீயும் நேர் பாதியாகத்தானே வெட்டுகிறாய். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொண்டு, மற்றதெல்லாம் உன் சொற்படியே செய்தேன்.

எந்த ரயில் என்று எழுது. நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

கென்சாகு


ஓசாகா,
16 அக்டோபர்

கொஹாரு அப்பாவுக்கு,

அது கை தவறி எழுதியதல்ல. எங்கள் ஊரில் இனாரி முக்கோணம்தான். கல்யாணமாகி வந்த வாரம் உங்கள் வீட்டில் அப்படித்தான் வெட்டினேன். அத்தை என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார்கள். நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் வீட்டு நெல்மூட்டைதான்.

என் கை வேலை ஒன்றாவது உங்கள் வீட்டில் என் கை வேலையாகவே இருக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒன்றே ஒன்றை மூலைக்கு மூலை வெட்டியிருந்தால் மறுநாளே ரயில் ஏறியிருப்பேன். கோபத்தில் எழுதவில்லை, அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குளிர்கால விடுமுறைக்குக் கொஹாருவை அனுப்புங்கள். இரண்டு விதமாகவும் செய்து வைக்கிறேன், பிடித்ததை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் நிலையத்தில் நிற்க வேண்டாம்.

சவாக்கோ