மொத்த அச்சுப் பாரம்

மார்ச் 3

மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் முட்டிக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

நம் பெரிய டிரெய்லருக்கு லோடு ஒன்று வந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர். பழைய பாலம் வழியாகப் போனால் ஒரே பகலில் இறக்கிவிடலாம், சுற்றுச்சாலை என்றால் இரண்டு நாள். கம்பெனி மேனேஜர், "இருபதாம் தேதிக்குள்ள பாலத்துக்கு பெர்மிட் வாங்கிட்டீங்கன்னா வருஷம் முழுக்க லோடு உங்களுக்குத்தான் பாட்டி. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். உன் மாமனார் போன பிறகு இப்படி ஒரு வேலை நமக்கு அமைந்ததே இல்லை.

விண்ணப்பம் உன் மேசைக்குத்தான் வரும் என்று உன் புருஷன் சொன்னான். எட்டுப் பக்கமும் நானே நிரப்பினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதியதா என்று கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு தடவை பார்த்தார். சீக்கிரம் முடித்துக் கொடு. பேத்திக்கு என் முத்தம்.

உன் அத்தை


மார்ச் 7

மதிப்பிற்குரிய விண்ணப்பதாரருக்கு,

கனரக வாகனத்துக்குச் சாலை அனுமதி கோரிய தங்கள் விண்ணப்பம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பதினொன்றாம் கட்டத்தில், 'மொத்த அச்சுப் பாரம்' என்ற இடத்தில் 18 டன் என்று குறித்துள்ளீர்கள். அது காலி வண்டியின் எடை. தாங்கள் இணைத்துள்ள சரக்குச் சீட்டின்படி, சரக்கோடு சேர்த்து 62 டன் வருகிறது. பழைய பாலம் தாங்குவது 40 டன். திருத்தி அனுப்பவும்.

அலுவலர், அனுமதிப் பிரிவு

பின்குறிப்பு: முத்தத்தை மகளிடம் சேர்த்துவிட்டேன்.


மார்ச் 10

அலுவலர் அம்மாவுக்கு,

விண்ணப்பதாரராம் விண்ணப்பதாரர்! படித்ததும் சிரிப்புதான் வந்தது.

அச்சுப் பாரம் என்று போட்டிருந்தது. வண்டிக் கதவில் வெள்ளை பெயிண்டில் 18 என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து எழுதினேன். உன் புருஷனிடம் காட்டினால், "அச்சுன்னா ஆக்சிலும்மா! எல்லா ஆக்சில் மேலயும் ஏறுற மொத்த வெயிட்டக் கேக்கறாங்க. நீ கதவப் படிச்சியா?" என்று நம் ஒர்க் ஷாப் அதிரச் சிரிக்கிறான். முப்பது வருஷமாய் இந்த ஒர்க் ஷாப்பில் ஒருத்தர் வாயிலிருந்தாவது அச்சு என்று வந்து நான் கேட்டதில்லை. ஆக்சில் என்றே போட்டால் அரசாங்கத்துக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, தெரியாமல் எழுதினேன். இப்போது தெரிந்தே கேட்கிறேன். விண்ணப்பத்தை மறுபடி இத்துடன் வைத்திருக்கிறேன், சரக்குச் சீட்டை எடுத்துவிட்டு அந்தப் பதினெட்டை அப்படியே விட்டுவிடு. பாலத்தில் மண் லாரி போகவில்லையா? யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?

அன்றைக்கு உறவுக்காரர்கள் முன்னால், "காகிதத்துல கையெழுத்துப் போடறதெல்லாம் ஒரு வேலையா" என்று உன்னைக் கேட்டது தப்புதான். அதனால்தானே இரண்டு வருஷமாகத் தனிவீட்டில் இருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை இந்த லோடு மேல் காட்டாதே.

உன் அத்தை


மார்ச் 15

அத்தைக்கு,

கோபத்தில் திருப்பி அனுப்பவில்லை. அந்த வண்டியை ஓட்டப்போவது உங்கள் மகன். பதினெட்டு என்றே விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் திரும்பி வருகிறாரா என்று வாசலைப் பார்த்து நிற்க என்னால் முடியாது.

இன்னொன்று. உறவினர் போடும் விண்ணப்பத்தை நாங்கள் முடிவு செய்யக்கூடாது. அதை முதல் நாளே கோப்பில் எழுதியிருக்க வேண்டும். நமக்குள் பேச்சுவார்த்தையே இல்லை, இதில் என்ன உறவு என்று விட்டுவிட்டேன். நேற்று, 'விண்ணப்பதாரர் என் மாமியார். எனவே இதை நான் முடிவு செய்வது முறையல்ல' என்று எழுதி மேலே அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "உங்க மாமியாரா? சொல்லவே இல்லையேம்மா! கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பாலத்துக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார். சரியான எடையோடு புதிதாகப் போட்டால் சுற்றுச்சாலைக்குக் கிடைக்கும்.

லோடு கைவிட்டுப் போகும் என்று தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் எழுத மாட்டேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

மருமகளுக்கு,

லோடு போய்விட்டது. இருபத்தொன்றாம் தேதி காலையிலேயே மேனேஜர் வேறு ஆளைப் பார்த்துவிட்டான். இன்னும் நிறைய அச்சு வைத்த வண்டியாம், அதுவும் சுற்றுச்சாலையில்தானாம்.

ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். மறுநாள் பஸ் பிடித்து அந்தப் பாலத்துக்குப் போனேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் நிறைந்த ஒரு பஸ் போனதற்கே கம்பி என் உள்ளங்கையில் நடுங்கியது. கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மத்தியானம் சாப்பிட வந்த உன் புருஷன், "என்னம்மா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற?" என்றான். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

சுற்றுச்சாலைக்குப் புது விண்ணப்பம் போட்டாயிற்று. 62 என்றே எழுதியிருக்கிறேன். லோடு வரும்போது வரட்டும்.

கோப்பில் நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். நான் உன் மாமியார் என்று அரசாங்கக் காகிதத்திலேயே எழுதிவிட்டாய், இனி மாற்ற முடியாது.

வருகிற ஞாயிறு உன் புருஷன் டிரெய்லரைச் சர்வீஸுக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போகிறான். நானும் ஏறிக்கொள்கிறேன். உங்கள் தெருவில் கனரக வண்டி நுழையக்கூடாது என்று பலகை இருக்கிறதாமே. முனையில் இறங்கி நடந்து வருகிறேன். நடந்து வருகிற மாமியாருக்கும் பெர்மிட் வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் எழுது.

அத்தை