கோயில் சுவரில் ஒரு கடல்

அக்கா,

இன்று காலை ரப்பர் குழாயைப் பிடித்துக் கோயிலின் பின்சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். நேற்றைய வெயிலை இன்னும் உள்ளே வைத்திருந்த பாறை நனைந்ததும் அந்த வாசனை எழுந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குள் மழைச்சாரல் புகுந்தாற்போல ஒரு வாசனை. பழக்க தோஷத்தில், "வாளிய கொஞ்சம் நகட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. நானே நகர்த்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுவதற்காக அல்ல. நல்ல செய்தி இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் அடக்கி வைத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை.

ஈப்போவில் சுண்ணாம்பு மலையோடு ஒட்டிய கோயில்கள் எத்தனையோ இருக்கின்றன. நம் அம்மன் கோயில் அவற்றில் சின்னது. மூன்று பக்கம் சிமெண்டுச் சுவர், நான்காவது பக்கம் மலையே சுவர். சிலிபின் வட்டாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாம், வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பிவிடுவோம். காய்ந்திருக்கும்போது அந்தப் பாறை வெறும் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டதும்தான் நடுவில் துளை போட்ட பாசிமணி மாதிரி குட்டிக் குட்டி வளையங்கள் தெரியும். அங்கங்கே ஒரு சுருள், வரிவரியாக ஒரு சிப்பி. தண்ணீர் உலர்ந்தால் எல்லாம் மறைந்துவிடும். அம்மன் மலையிறங்கி வந்தபோது கழுத்து மாலை அறுந்து மணிகள் பாறையில் சிதறின என்று ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு மணிக்கும் மஞ்சள் பொட்டு வைப்பேன்.

"மாலையாவது மண்ணாவது. இது கெராங்கு புள்ள" என்பீர்கள் நீங்கள்.

மார்க்கெட்டில் இத்தனை வருடம் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டி, அதில் கெராங் சிப்பியைக் கைநிறைய அள்ளிப் போட்டவர். உங்கள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது என்று நினைத்தேன்.

"சாமி செவுத்துல போயி கெராங்குங்கிறீங்களே, வாயக் கழுவுங்கக்கா."

"கெராங்க மட்டும் யாரு படைச்சா? ஒஞ் சாமிதானே? அப்புறம் என்னா வெக்கம்?"

உங்களுக்கு நாளிதழ் படித்துக் காட்டுவது என் வேலையாக இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். மலாயும் ஆங்கிலமும் மளிகை மடித்து வந்த காகிதங்களிலிருந்தே பழகினேன். நம் பேராக் மாநிலத்திலேயே ஒரு குகையில் பழங்காலத்துப் பல் ஒன்று கிடைத்த செய்தியைப் படித்த நாள் நினைவிருக்கிறதா? யானைக்கு உறவான விலங்காம், பெயர் ஸ்டெகோடோன், இப்போது உலகத்தில் எங்கும் இல்லையாம். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். அப்புறம் உங்களுக்கு ஒரே ஆசை, கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொன்னீர்கள். இங்கே தீபகற்பத்துக் குகைகளில் மாவாஸ், அதாவது ஒராங் ஊத்தான் குரங்கின் பற்கள்கூடக் கிடைத்திருக்கின்றன என்று படித்தேன். இப்போது அதைக் காட்டில் பார்க்கவேண்டுமென்றால் போர்னியோவுக்கோ சுமத்ராவுக்கோதான் போகவேண்டும். குகைகளில் எலும்பு குறைவாகவும் பல் அதிகமாகவும் கிடைப்பது ஏன் என்றும் எழுதியிருந்தார்கள். முள்ளம்பன்றிகள் எலும்புகளை உள்ளே இழுத்துப் போய்க் கொறித்துத் தீர்த்துவிடுமாம். பல் மட்டும் கடினமாக இருப்பதால் மிச்சமாகுமாம்.

நீங்கள் கை தட்டிச் சிரித்தீர்கள். "முள்ளம்பன்னி துப்புனதுதான் நமக்குச் சரித்திரமா! நல்லாருக்குலா!"

பிறகு குரல் மாறியது. "எங்கப்பா ரப்பர் பால் வெட்டுன காட்டுல மாவாஸ் தொங்கிக்கிட்டு இருந்திச்சா? தோட்டம் போட்டப்பறந்தான் இந்த எடத்துக்கே உசுரு வந்திச்சின்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன். நம்ம ஆளுங்க கதையெல்லாம் கப்பல்லதான் ஆரம்பிக்குது. இந்த மண்ணுக்கு எம்மாம் பெரிய கதை இருக்கு பாரு புள்ள!"

அந்த மகிழ்ச்சியை அப்படியே கோயில் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். குடமுழுக்குக்காகப் பின்சுவரில் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று தலைவர் சொன்னதும் எழுந்து நின்றீர்கள். "அண்ணே, அது சாதாரண செவுரு இல்ல. அதுக்குள்ள கடலு இருக்கு. சிமெண்டு பூசிட்டா திரும்ப வராது."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "கெராங்கக்கா, தொட்டுக்க சம்பாலும் இருக்கா?" என்று கத்தினான். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். ஆனால் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. வேலிக்கதவைத் திறக்கும்போது மட்டும் சொன்னீர்கள்: "நீ எதையாச்சும் சொல்லணும்னா நின்னுக்கிட்டுச் சொல்லு. ஒக்காந்து சொன்னா டீ கேக்குறேன்னு நெனச்சிக்குவானுங்க."

அந்த மாதமே, கரண்டி பிடித்த கையோடு அடுப்புப் பக்கத்தில் சாய்ந்துவிட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் கோயிலுக்குப் போனபோது பின்சுவர் ஓரம் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பளபளவென்று, குளியலறைக்கு ஒட்டுகிற சாதி. கோயில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் நான் எல்லாக் கூட்டத்திலும் ஒரு மூலையில் இருப்பேன், வாய் திறந்ததில்லை. ஒட்டிவிட்டால் சுவரும் போகும், நீங்கள் சொன்னதும் கடைசிவரை ஒரு கேலியாகவே நிற்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை. சுவரை நனைத்துப் படம் எடுத்தேன். குகைப் பற்களைப் பற்றிய செய்தியில் பேசியிருந்த ஆய்வாளருக்கு, எனக்குத் தெரிந்த மலாயில் எழுதி அனுப்பினேன். எங்கே பதில் வரப்போகிறது என்றுதான் இருந்தேன். மறுநாளே வந்தது. "தயவுசெய்து எதையும் ஒட்டவேண்டாம். நான் வருகிறேன்."

டைல்ஸ் வேலைக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், மலாய்ப் பெண். காலணியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, "போலே மாசோக்?" என்று உள்ளே வர அனுமதி கேட்டபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று. தலைவரும் கமிட்டி ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுவர் சுத்தமாகக் காய்ந்து கிடந்தது.

"எங்கம்மா? வெறுங்கல்லால்ல இருக்கு" என்றார் தலைவர்.

அந்தப் பெண் பையிலிருந்து, துணி தேய்க்கும்போது நாம் தெளிப்போமே, அந்த மாதிரி ஒரு புட்டியை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தெளித்தார். ஒரு வளையம் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை அக்கா. ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மேலேயிருந்து கீழே தண்ணீர் இறங்க இறங்கச் சுவர் முழுவதும் திறந்துகொண்டது. வளையம் வளையமாக, சுருள் சுருளாக, சிப்பிக்கு மேல் சிப்பியாக. வெள்ளிக்கிழமை விடியலில் நாம் இருவர் மட்டுமே பார்த்துவந்ததை, உச்சி வெயிலில் அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தப் பெண் நனைந்த தரையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, பரிசு கிடைத்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

அவர் மலாயில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. அந்த மணிகள் கடல் அல்லியாம். பெயர்தான் பூ, உண்மையில் நட்சத்திர மீனுக்குச் சொந்தக்கார உயிர். அதன் தண்டு வட்டு வட்டாக அடுக்கி வைத்தது, செத்ததும் அறுந்து உதிர்ந்துவிடும். டைனோசர்கள் வருவதற்கும் முன்னால், நாம் நிற்கிற இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். இங்குள்ள மலைகளில் பெரும்பாலானவை பூமிச் சூட்டில் வெந்து பளிங்காகி, உள்ளே இருந்த உருவங்கள் அழிந்துவிட்டன. இந்தச் சுவர் எப்படியோ தப்பியிருக்கிறது. ஒன்று சொல்லவேண்டும், உங்கள் கெராங் கெராங்கே இல்லையாம்! பார்வைக்கு அப்படி இருக்கும் வேறொரு குடும்பத்து உயிராம். இதைக் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணிடமும் மல்லுக்கு நின்றிருப்பீர்கள். ஆனால் கடல் என்றீர்களே, அது சத்தியம்.

தலைவர் முகம் மட்டும் தெளியவில்லை. "அப்ப அம்மன் மாலைன்னு இவ்ளோ நாளா கும்புட்டதெல்லாம் பொய்யா? ஏதோ செத்த பூச்சிக்கா பொட்டு வச்சோம்? வெளிய தெரிஞ்சா கோயில் மானம் போயிரும்லா. மூடிருவோம்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. நான் தூணோரம் உட்கார்ந்து குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் பேச்சு காதில் கேட்டது. எழுந்து நின்றேன்.

"அண்ணே, ஒங்க வீட்டு சாமி ரூம்ல சாளக்கிராமம் இருக்குல்ல, காசிக்குப் போனப்ப வாங்கியாந்தது?"

"இருக்கு. அதுக்கென்னா?"

"அது யாரு?"

"என்னாம்மா கேள்வி? பெருமாளு."

"அதுல சக்கரமாட்டம் ஒரு சுருள் இருக்கே, அது கடல்ல வாழ்ந்த உசுருண்ணே. கல்லாப் போயி ஆத்துல உருண்டு வந்திருக்கு. அது தெரிஞ்சப்புறம் பெருமாளு எறங்கிப் போயிட்டாரா? பெரியவங்க கடல் உசுரு இருந்த கல்ல எடுத்துத்தான் சாமின்னு வச்சாங்க. நீங்களும் தெனம் தொளசி போடுறீங்க. அவரு மேல டைல்ஸா ஒட்டி வச்சிருக்கீங்க?"

முதலில் சிரித்தது, சம்பால் கேட்ட அதே ஆள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "மாலை அறுந்து உதுந்திச்சின்னு நம்ம ஆளுங்க சொன்னதும் வீணாப் போவலண்ணே. உதுந்துதான் இருக்கு. எந்தக் கழுத்துலேருந்துன்னுதான் அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி முடித்தேன். அப்புறமும் உட்காரவில்லை.

தலைவர் போய் ஈரச் சுவரில் கை வைத்தார். ஒரு சுருளை விரலால் சுற்றிப் பார்த்தார். அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, ஒட்ட வேணாம். அந்தப் பொட்டிங்கள மடப்பள்ளித் தரையில போட்டுருங்க." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தம்மா அன்னிக்கே சொல்லிச்சிலா. நாமதான் சிரிச்சோம்."

ஜெயித்துவிட்டீர்கள் அக்கா. கூட்டத்தின் நடுவில், அவர் வாயாலேயே!

வெறும் பாறைச் சுவரோடுதான் குடமுழுக்கு நடந்தது. அந்தப் பெண் தன் ஆட்களோடு இரண்டாம் முறையும் வந்தார். சுத்தியல் எடுக்கவில்லை, கீழே உதிர்ந்து கிடந்த சில்லுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மடப்பள்ளித் தரை பளபளவென்று மின்னுகிறது. எண்ணெய் சிந்தினால் ஆளை வழுக்கிவிடுகிறது, அது வேறு கதை.

எனக்குள்ளே மாறிப்போனது ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மன் முன்னால் நின்றால் பிள்ளைகளின் வேலை, வீட்டுக்காரருடைய சர்க்கரை நோய் என்று என் வீட்டுப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்பேன். இப்போது கற்பூரம் காட்டும்போது, கேட்க வந்தது மறந்துபோகிறது. அம்மா என்று கூப்பிட ஒரு வாய்கூட உண்டாகாத நாளில், இவள் எத்தனை கோடிப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்திருக்கிறாள்! பெயரில்லாத, குரலில்லாத, கடலடியில் ஒரு நாள் அசைந்துவிட்டு அடங்கிப்போன உயிர்கள். அவற்றின் ஒரு சின்ன வளையத்தைக்கூட அழியவிடாமல் மலைக்குள் இத்தனை காலம் பொத்தி வைத்திருக்கிறாள்.

அவளா உங்களைத் தொலைத்துவிடுவாள்?

இந்த நினைப்பைத்தான் அடுப்படிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் கூடவே தூக்கிக்கொண்டு திரிகிறேன் அக்கா. கனமே தெரியவில்லை.